வளைந்து கொடுக்கும் கார்பன் ஃபைபர் டெக்: வீட்டில் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) ஓட்டுகிற பசங்க, டெக்கைத் தாங்களே செய்துபார்க்கும் ஆசையில் கேட்கிற கேள்விகள் இவை. டெக் என்பது நாம் ஏறி நிற்கும் பலகை. அதன் அடியில் திருகி மாட்டும், சக்கரங்களைத் தாங்கும் அச்சுத் தொகுதி ட்ரக். கீழே வரும் அளவுகள் எல்லாம் ஒரு மீட்டர் நீளம், 22 செ.மீ. அகலம், இரண்டு ட்ரக்குக்கும் நடுவே 70 செ.மீ. இடைவெளி உள்ள ஒரு லாங்போர்டுக்கானவை. ஓட்டுபவர் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் ஃபைபர் போட்டால் பலகை நன்றாக வளையுமா?

வளையாது. கார்பன் போடப் போட விறைப்புதான் கூடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான்கைந்து அடுக்கு கார்பன் துணி ஒட்டி, கடைசியில் கடப்பாக்கல் மாதிரி ஒரு பலகையோடு நிற்பவர்கள்தான் அதிகம். சாதாரண கார்பன் இழையின் விறைப்பு ஏறத்தாழ 230 கிகாபாஸ்கல். கண்ணாடி இழைக்கு 72. பிளைவுட்டுக்கு 8 அளவில்தான் வரும்.

ஏட்டுக் கணக்காகவே பார்த்துவிடலாம். 9 மி.மீ. பிளைவுட்டை மட்டும் வைத்து நடுவில் 70 கிலோ ஆள் நின்றால் சுமார் 47 மி.மீ. தொய்யும். அதே பலகையின் இரண்டு முகத்திலும் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஒருதிசை கண்ணாடித் துணி ஒவ்வொரு அடுக்கு ஒட்டினால் தொய்வு 27 மி.மீ. ஆகும். கண்ணாடிக்குப் பதில் 200 ஜி.எஸ்.எம். ஒருதிசை கார்பன் என்றால் வெறும் 14. இப்போது கார்பனை அப்படியே விட்டுவிட்டு நடு மரத்தை 6 மி.மீ. ஆக்குங்கள், தொய்வு 35 மி.மீ.க்குப் போய்விடும்.

ஆக, வளைவை முடிவு செய்வது நடுவில் இருக்கும் மரத்தின் தடிமன். தனி மரம் என்றால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். மேலும் கீழும் துணி ஒட்டியிருந்தால், அந்தத் துணியின் பங்கு நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தின் இருமடிக்கு (தூரம் × தூரம்) ஏறும். ஒரு மில்லிமீட்டர் கூட்டினாலும் குறைத்தாலும் காலில் தெரியும்.

அப்படியென்றால் கார்பன் எதற்கு? கண்ணாடி இழையே போதுமே?

உண்மையில் போதும். 1960களிலேயே அமெரிக்காவில் மரமும் கண்ணாடி இழையும் சேர்த்து வளையும் பலகைகள் செய்தார்கள். இன்றும் கடையில் வாங்கும் வளையும் லாங்போர்டுகளில் பல, மூங்கிலும் கண்ணாடி இழையும் சேர்ந்தவைதான். கண்ணாடி இழை உடையும் முன் கார்பனைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளும். கஷ்டப்பட ஆரம்பித்தால் வெளுத்துக் காட்டி எச்சரிக்கவும் செய்யும். கார்பன் அப்படி இல்லை, கடைசி நொடி வரை ஒன்றும் சொல்லாது.

கார்பனின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. மரத்தை நன்றாக மெலிதாக்க முடிகிறது, எடை குறைகிறது, அழுத்திவிட்ட பலகை சட்டென்று எழும்புகிறது. தடித்த மரத்தில் அந்தத் துள்ளல் வராது. இந்தத் துள்ளல் வேண்டுமென்றால் கார்பனைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்துங்கள். என் பரிந்துரை இதுதான்: 6 மி.மீ. மரம், இரண்டு முகத்திலும் நீளவாக்கில் 200 ஜி.எஸ்.எம். ஒருதிசை கார்பன் ஒவ்வொரு அடுக்கு, அதன்மேல் குறுக்கு 45 பாகைக் கண்ணாடித் துணி ஒவ்வொரு அடுக்கு. தொய்வு 30 மி.மீ. அளவில் நிற்கும். 90 கிலோ ஆளுக்கு மரம் 7 அல்லது 8 மி.மீ. இருக்கட்டும்.

45 பாகைத் துணி இல்லாமல் விட்டால் என்ன?

பலகை முறுக்கிக்கொள்ளும். குதிகாலில் சாய்ந்தால் நடுப்பகுதி சாயும், ட்ரக் தாமதமாகத் திரும்பும். ஒருதிசை இழை நீளவாக்கு வளைவை மட்டும்தான் தாங்கும், முறுக்கலுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. நீளவாக்கில் வளையணும், ஆனால் முறுக்கக் கூடாது என்றால் 45 பாகைத் துணி கட்டாயம். கண்ணாடியே போதும், அதிலும் கார்பன் வேண்டாம்.

பளபளவென்று கட்டம் போட்ட கார்பன் ட்வில் துணிதான் பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் பாதி இழை அகலவாக்கில் ஓடுகிறது. வளைவுக்கு அந்தப் பாதி வீண். அழகுக்குத்தான் வேண்டும் என்றால் ஒருதிசைத் துணிக்குப் பதிலாகப் போடுங்கள், கூடுதலாகப் போடாதீர்கள்.

இவ்வளவு மெலிதாக இருந்தால் உடையாதா?

நடுவில் 30 மி.மீ. தொய்யும்போது அடிமுகம் எவ்வளவு நீள்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். ஆறு பெருக்கல் தொய்வு பெருக்கல் மொத்தத் தடிமன், அதை ட்ரக் இடைவெளியின் இருமடியால் வகுக்க வேண்டும். 6 × 30 × 7 ÷ (700 × 700) என்றால் 0.0026, அதாவது 0.26 சதவீதம். கார்பன் இழை இழுவையில் 1.5 சதவீதம் வரை தாங்கும் என்பதால் நின்று ஓட்டுவதற்குக் கவலையில்லை.

ஆனால் நடைபாதை ஓரத்திலிருந்து இறங்கிக் குதித்தால் அந்த எண் மூன்று மடங்காகலாம். 0.8 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய்விடும். பலகையின் மேல்முகம் அழுத்தத்தை வாங்குகிறது, கார்பன் அழுத்தத்தில் இழுவையைவிட முன்னதாகவே விட்டுக்கொடுக்கும். கையால் ஒட்டியதில் ஒரு சுருக்கமோ காற்றுக் குமிழோ இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் இது உருட்டி, வளைந்து, திரும்பி ஓட்டும் பலகை. குதித்துத் தந்திரம் காட்டுவதற்கு ஏழு அடுக்கு மேப்பிள் டெக்கே சரி.

எங்கள் ஊரில் ஃபைபர் போட்டு பழுது பார்ப்பவரிடம் ரெசின் வாங்கலாமா?

ஆளிடம் போங்கள், ரெசின் (துணியை நனைத்து இறுகவிடும் பிசின்) வாங்காதீர்கள். கடலூர் முதுநகரிலிருந்து வடக்கே புதுச்சேரி மீனவ கிராமங்கள் வரை கரையில் நிற்கும் படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழைப் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு அவை இன்னும் பெருகி வந்தன. ரோலர் பிடிப்பது, குமிழ் எடுப்பது, துணியை வெட்டி மடிப்பில்லாமல் போடுவது எல்லாம் இவர்களுக்குக் கைவந்த கலை. ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தால் எந்த வீடியோவிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

ஆனால் அவர்கள் புழங்குவது பாலியஸ்டர் ரெசின். படகுக்கு அது சரி. நம் பலகைக்குச் சரிவராது. மரத்தோடும் கார்பனோடும் எபாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் ஒட்டுகிற அளவுக்கு அது ஒட்டாது, இறுகும்போது சுருங்கும், திரும்பத் திரும்ப வளைத்தால் மரத்திலிருந்து உரிந்து வரும். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும், பலகைக்கு வளைவு கொடுக்கத் தெர்மாகோல் அச்சு வைத்திருந்தால் அச்சும் போச்சு. படகுக்குப் போடும் மேட் என்ற துண்டு இழை விரிப்பும் வேண்டாம். அந்த மேட்டில் துண்டு இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பொதுவாக ஸ்டைரீனில் கரையும் வகை. எபாக்சியில் அது சரியாக ஊறாமல் மொரமொரவென்று நிற்கும்.

எதற்கும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். பாலியஸ்டரோடு வரும் கோபால்ட்டையும் (இறுகலை வேகப்படுத்துவது) ஹார்ட்னரையும் (இறுக வைப்பது) ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். போட் வேலைக்காரர்களுக்கு இது தெரியும், கொஞ்சம் வாங்கி வந்து வீட்டில் முயல்பவருக்குத்தான் தெரியாது.

எபாக்சியில் எது?

நம் நாட்டில் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ஜோடி அரால்டைட் எல்.ஒய். 556 ரெசினும் எச்.ஒய். 951 ஹார்ட்னரும். எடையில் 100 பங்குக்கு 10 பங்கு. கண்ணளவாக ஊற்றக் கூடாது, சமையலறைத் தராசோ நகைத் தராசோ வேண்டும். ஹார்ட்னர் கொஞ்சம் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்து ஊற்றினால் ரப்பர் மாதிரி நின்றுவிடும். குழாயில் விற்கும் சின்ன அரால்டைட் பசை இதற்கு ஆகாது.

ரெசின் எவ்வளவு என்றால், துணியின் எடைக்குச் சமமாக, அதோடு மரம் குடிக்கவும் பிரஷில் வீணாகவும் நூறு கிராம். மொத்தத்தையும் ஒரே கப்பில் கலக்காதீர்கள். ஆழமான கப்பில் அரை கிலோ கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். நூறு, நூற்றைம்பது கிராமாகக் கலந்து உடனே துணியில் பரப்புங்கள். சித்திரை வெயிலில் கை வைக்கிறவர்கள் விடியற்காலையில் ஆரம்பிப்பது நல்லது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகும்.

எந்த மரம்?

மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது. 3 மி.மீ. தாள் இரண்டை ஒட்டினால் 6 மி.மீ. ஆயிற்று. மேல் முகத்தின் நார் பலகையின் நீளத்தோடு ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள், மரக்கடையில் வீணாகாமல் இருக்கட்டும் என்று குறுக்கே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். மூங்கில் கீற்றுப் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது, வளைவதற்கென்றே பிறந்தது. ஃபோம் வைத்தால் எடை குறையும், ஆனால் ட்ரக் வரும் இடத்தில் கட்டை பதிக்க வேண்டும், குதிகால் பட்டுப்பட்டுக் குழி விழும். முதல் பலகைக்கு வேண்டாம்.

அச்சு எப்படிச் செய்வது? தட்டையாகவே செய்யக் கூடாதா?

தட்டையாகச் செய்தால் ஏறி நின்றதும் பலகை கீழே தொங்கும். 30 மி.மீ. தொய்வு உள்ள பலகைக்கு நடுவில் 20, 25 மி.மீ. மேல்நோக்கிய வளைவு கொடுத்துவிட்டால், ஆள் நிற்கும்போது கிட்டத்தட்ட தட்டையாகும்.

அச்சுக்கு எம்.டி.எஃப். பலகையில் ஒரே வளைவாக ஏழெட்டு விலா வெட்டி, வரிசையாக நிறுத்தி, மேலே 3 மி.மீ. பிளைவுட் ஒன்றை வளைத்து அறைந்தால் போதும். டி.வி. பெட்டியில் வரும் பேக்கிங் தெர்மாகோலைச் செதுக்கி அச்சாக்கலாமா என்று கேட்கிறார்கள். பைக்குள் போட்டுக் காற்றை உறிஞ்சி (வேக்கம்) அழுத்தினால் நசுங்கிவிடும். அச்சின்மேல் தடித்த பாலித்தீன் விரித்துவிடுங்கள், எபாக்சி அதில் ஒட்டாது.

இரண்டு 3 மி.மீ. தாளையும் இந்த அச்சின்மேல் வளைத்து எபாக்சியால் ஒட்டினால், இறுகியபின் வளைவு அப்படியே நிற்கும். ஒரே 6 மி.மீ. தாளை வளைத்தால் கையை எடுத்ததும் நிமிரப் பார்க்கும். துணியையும் அதே மூச்சில் ஒட்டிவிடலாம். அடியில் கண்ணாடி, கார்பன், மரம், பசை, மரம், கார்பன், கண்ணாடி என்று ஒரே அடுக்காக.

வேக்கம் பம்ப் இல்லாமல் முடியுமா?

முடியும், தரம் குறையும். முழு வேக்கத்தில் காற்று ஒரு சதுர மீட்டரில் பத்து டன் அழுத்துகிறது. நம் பலகையின் பரப்பு 0.22 சதுர மீட்டர், அதாவது இரண்டு டன்னுக்கு மேல். 50 கிலோ மணல் மூட்டை நான்கு அடுக்கினாலும் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதிலும் மூட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுத்தாது.

ஏ.சி. மெக்கானிக்கிடம் இருக்கும் வேக்கம் பம்ப்பை ஒரு நாள் வாடகைக்குக் கேளுங்கள். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரும் வேலை செய்யும். மெதுவாக இழுக்கும், எண்ணெய் துப்பும், ஆனால் இழுக்கும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சுற்றினால் பழைய இரும்பில் என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கண்ணைத் திறந்து வையுங்கள்.

ஒட்டிய அடுக்கின்மேல் முதலில் பீல் பிளை என்ற நைலான் துணி, அதன்மேல் ஊசித்துளை போட்ட மெல்லிய பாலித்தீன், அதன்மேல் மிஞ்சிய ரெசினைக் குடிக்கப் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு, எல்லாவற்றுக்கும் வெளியே பை. மெத்தைக் கடையில் கிடைக்கும் விரிப்பே போதும், தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பையின் ஓரத்தை ஒட்டும் புட்டி நாடாவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பம்ப்பை நிறுத்தினால் பை எவ்வளவு நேரம் இறுக்கமாக நிற்கிறது என்பதை ரெசின் கலக்குவதற்கு முன்பே, காய்ந்த அடுக்கை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். குழாயில் ஒருவழி வால்வும் போடுங்கள். எட்டு மணி நேர வேலையில் கரண்ட் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் செய்யலாமா?

தவிர்த்துவிடுங்கள். நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஈரக்காற்றில் எச்.ஒய். 951 போன்ற அமீன் வகை ஹார்ட்னர் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, இறுகிய எபாக்சியின்மேல் மெழுகு போலப் பிசுபிசுவென்று ஒரு படலம் கட்டும். அதன்மேல் அடுத்த அடுக்கு ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. வந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் படலத்தை உள்ளே தேய்த்து விடுகிறோம். தை, மாசி நல்ல காலம். பிளைவுட்டையும் இரண்டு நாள் காய்ந்த அறையில் வைத்து எடுங்கள்.

ட்ரக் துளையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி வருகிறதே?

இது கடலோர ஊரின் பிரச்சினை, கட்டாயம் கவனிக்க வேண்டியது. கார்பன் மின்சாரம் கடத்தும். அது அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புக் காற்றின் ஈரமும் இருந்தால், அந்த இடம் ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகிறது. அதில் தேய்வது அலுமினிய ட்ரக். சாதாரண இரும்பு போல்ட்டும் துருப்பிடிக்கும்.

தீர்வு, தொடவிடாமல் பிரிப்பது. வெளி அடுக்கு கண்ணாடித் துணியாக இருப்பதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பேட் போடுங்கள். துளையை முதலில் 8 மி.மீ. போட்டு, எபாக்சியில் மரத்தூள் குழைத்து அடைத்து, இறுகியபின் நடுவில் 5 மி.மீ. துளையுங்கள். போல்ட் கார்பனைத் தொடாது, மரத்துக்குள் தண்ணீரும் இறங்காது. போல்ட் 316 ரக ஸ்டெய்ன்லெஸ் கிடைத்தால் நல்லது. துளைகளின் இடைவெளி நீளவாக்கில் 54 மி.மீ., அகலவாக்கில் 41 மி.மீ. பழைய ரக ட்ரக்கில் நீளம் 63.5 மி.மீ. இருக்கும், அளந்துவிட்டுத் துளையுங்கள்.

காருக்குள் வைத்தால் பலகை நிமிர்ந்துவிட்டது. ஏன்?

அறை வெப்பத்திலேயே இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். சித்திரையில் மூடிய காருக்குள் ஒரு கறுப்புப் பலகை அதைத் தாண்டிவிடும். இறுகியபின், அச்சிலேயே கட்டி வைத்த நிலையில், 60 டிகிரியில் ஆறேழு மணி நேரம் சூடேற்றினால் தாங்கும் அளவு உயரும். மரப்பெட்டிக்குள் பழைய குண்டு பல்பு நாலைந்து, ஒரு தெர்மாமீட்டர், பக்கத்தில் ஒரு ஆள். ஆளில்லாமல் விட்டுப் போகாதீர்கள். மேல்பூச்சுக்கு, கார் பெயின்ட் கடையில் இரண்டு பாகமாக விற்கும் பி.யு. கிளியர் அடித்துவிடுங்கள், வெறும் எபாக்சி வெயிலில் மஞ்சளித்து உதிரும்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆபத்து உண்டா?

உண்டு, வீட்டுக்குள் அறுக்கவும் தேய்க்கவும் கூடாது. கார்பன் தூசு தோலை அரிக்கும், நுரையீரலுக்கு ஆகாது. மின்சாரம் கடத்துவதால் கிரைண்டர் மோட்டாரையும் சுவிட்ச் போர்டையும்கூட ஷார்ட் ஆக்கும். மொட்டை மாடியில், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் கையால் தேய்த்தால் தூசே பறக்காது. அறுக்கும்போது என்95 முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு துவைக்க வேண்டாம்.

இறுகாத எபாக்சி கையில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பலமுறை பட்டபின் ஒருநாள் ஒவ்வாமை வரும், வந்தால் போகாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டதைத் தின்னரால் துடைத்தால் தோலுக்குள் இன்னும் இறங்கும், சோப்புதான் சரி.

முதல் முறை ஏறுவதற்கு முன் என்ன பார்க்கணும்?

ட்ரக் இடைவெளியில் இரண்டு செங்கல் அடுக்கு வைத்து, பலகையை அவற்றின்மேல் போட்டு, மணல் மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உங்கள் எடையின் ஒன்றரை மடங்கு வரை போங்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் தொய்வை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். எடைக்கு ஏற்ப ஒரே சீராகக் கூட வேண்டும். எங்காவது திடீரென்று கூடினாலோ, டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ உள்ளே உரிகிறது என்று அர்த்தம். இறக்கியதும் பழைய வளைவுக்குத் திரும்பியதா என்றும் பாருங்கள். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் ஒட்டாத இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்கும். அப்புறம் ட்ரக்கை மாட்டி, முழுவதும் சாய்ந்து நின்று சக்கரம் பலகையில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் சக்கரம் நின்று நீங்கள் பறப்பீர்கள்.

எங்கே ஓட்டலாம்?

வண்டிகளை நிறுத்திவிடும் நேரத்தில் புதுச்சேரி கடற்கரைச் சாலை தரையளவில் அருமை, ஆனால் மாலையில் கூட்டம். விடியற்காலையில் போங்கள், நடைபயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கு வழிவிட்டு ஓட்டுங்கள். ஈ.சி.ஆர். பக்கமே போகாதீர்கள். வளையும் பலகை வேகத்தில் ஆட ஆரம்பித்தால் அடக்குவது கஷ்டம். ஹெல்மெட் போடாமல் ஏற வேண்டாம்.

வாங்குவதைவிட மலிவா?

இல்லை. துணி, ரெசின், பை, நாடா எல்லாம் சேர்த்தால் முதல் பலகை கடை விலையைத் தாண்டும். கார்பன் துணியைக் குறைந்தது ஒரு மீட்டராவது வாங்க வேண்டி வரும், அதில் இன்னொரு பலகைக்கும் மிஞ்சும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தால் கட்டுப்படியாகும்.

விரிசல் விட்டால் ஒட்டி ஓட்டலாமா?

ஓரத்தில் சின்ன உரிதல் என்றால் ஊசியால் எபாக்சி செலுத்தி, கவ்வி போட்டு இறுக்கிவிடலாம். கண்ணாடி அடுக்கு மட்டும் வெளுத்திருந்தால் அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து, சுற்றி 5 செ.மீ. கூடுதலாக வரும்படி புதுத் துணி ஒட்டுங்கள். நடுப்பகுதியில், குறுக்கே, கார்பன் இழையே அறுந்திருந்தால் ஒட்ட வேண்டாம். ட்ரக்கைக் கழற்றிக்கொண்டு பலகையைப் போட்டுவிடுங்கள்.